ஈக்கண்ணில் பட்டவள்

எங்கள் ஊரில் பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்த வருஷம் மழை பொய்த்திருந்தது, தீபாவளி வியாபாரமும் சுமார்தான், அதனால் சுவரில் மாட்டிய காலண்டரிலிருந்து ஒரு வேப்பங்கிளை நீண்டு வெளியே வந்ததைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள எங்களில் யாருக்கும் பொழுதில்லை. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் எங்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்பார்கள். சொல்லட்டும். பட்டாசு செய்து பிழைக்கிறவர் பாதி, காலண்டர் அச்சடித்துப் பிழைக்கிறவர் பாதி என்று இருக்கிற ஊரில், சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் புகை என்று பார்த்துவிட்டு, நம் வீட்டு ஆள் அந்தப் பக்கம் இல்லை என்றால் விட்ட வேலையைத் தொடர்வதற்குச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறோம்.

வைரமணி லித்தோ அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த நாகஜோதி ஒரு கேமரா செய்தாள். அதற்கு முன்பும் எங்கள் ஊரில் முப்பரிமாணக் காலண்டர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் அவற்றில் முருகனும் மயிலும் மலையும் அட்டையில் வெட்டி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியதுபோல இருப்பார்கள், முருகனுக்குக் கன்னம் உருண்டு வராது. நாகஜோதிக்கு அந்த உருட்டு வேண்டும். ஒரு பலகையில் வரிசைக்கு எட்டு என்று ஆறு வரிசையாக நாற்பத்தெட்டுச் சின்ன லென்ஸ்களைப் பதித்து, ஒவ்வொன்றும் தன் தன் இடத்திலிருந்து ஒரே காட்சியைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும்படி வைத்து, அந்த நாற்பத்தெட்டுப் படங்களையும் சேர்த்துச் சிறு சிறு லென்ஸ்கள் உள்ள பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் அச்சடித்தாள். ஈக்குப் பல கண் இருப்பதுபோல இதற்கும் இருந்ததால் நாங்கள் அதை ஈக்கண் என்றோம். முன்னால் நிற்கிறவரின் தோளுக்கு இந்தப் பக்கமாகவும் அந்தப் பக்கமாகவும் எட்டிப் பார்க்கிற கேமரா அது. இரண்டு வருஷமாகக் கத்தரிக்காயையும் பூட்டையும் படமெடுத்துப் படமெடுத்து அவள் அதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

செவ்வந்தி பட்டாசு ஆலையின் ராஜசுந்தரம் அண்ணாச்சி அந்தக் கத்தரிக்காய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, வருகிற வருஷக் காலண்டரில் ஆலையோடு தானும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். தீபாவளி கழிந்து ஆலையை மறுபடி திறந்த பூஜையன்று காலை, வேப்பமரத்தடியில் எல்லாரையும் நிறுத்தினார்கள். நடுவில் நாற்காலியில் அண்ணாச்சி, அவருக்குப் பின்னால் மேனேஜர், போர்மேன்கள், அப்புறம் பதிவேட்டில் பெயர் உள்ள ஆட்கள். இன்னும் ஆறு பெண்கள் பாக்கி. லைசென்ஸில் இத்தனை பேர்தான் வேலை செய்யலாம் என்று எண்ணிக்கை உண்டு, அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பதிவேட்டில் பெயர் கிடையாது, யாராவது சோதனைக்கு வந்தால் அவர்கள் கொல்லைப்புறமாகக் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும், படமெடுத்தால் உயரமான ஆட்களுக்குப் பின்னால் குனிந்துகொள்ள வேண்டும். யாரும் சொல்லாமலே ஆறு பேரும் பின்னால் போய்க் குனிந்தார்கள். மேனேஜரின் வலது தோளுக்குப் பின்னால் பச்சைச் சேலையில் குனிந்தவள் சீனித்தாய்.

அன்று மத்தியானம் மருந்து கலக்கும் அறை வெடித்தது. செத்தது ஒன்பது பேர் என்று எண்ணினார்கள். ஒன்பது பேருக்கும் பதிவேட்டில் பெயர் இருந்தது. பத்தாவதாக அங்கே கிடந்தவற்றை ஒரு ஆள் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை, வாரிக் கொண்டுபோய் மற்றவர்களோடு சேர்த்துவிட்டார்கள்.

சீனித்தாயின் புருஷன் குருவையா, லாரிகளுக்கு மூட்டை ஏற்றுகிறவன். பொண்டாட்டியைத் தேடி ஆலைக்குப் போனபோது மேனேஜர் பதிவேட்டைக் காட்டி, "அந்தப் பொம்பள இங்க வேலையிலயே இல்லையே" என்றார். பின்வரிசையில் கூட நின்ற ஐந்து பேரையும் வீடு வீடாகப் போய்க் கேட்டான். ஐந்து பேரும் கவனிக்கவில்லை என்றார்கள். ஒரு வாரத்துக்குள் ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. அவள் அன்றைக்குக் காலையில் பையோடு கோயமுத்தூர் பஸ் ஏறியதை ஒருவர் பார்த்ததாகவும், கூட ஒரு ஆள் இருந்ததாகவும், அந்த ஆளுக்கு மீசை இருந்ததாகவும். அந்தப் பேச்சை யார் ஆரம்பித்தது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. நாங்கள்தான். மீசையை வைத்ததும் நாங்கள்தான்.

செத்தவள் என்று சொல்ல உடம்பில்லை, உடம்பில்லாததால் காரியம் இல்லை, காரியம் இல்லாததால் ஏழு வயது தர்ஷினி பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவளின் மகளாக இருந்தாள். குருவையாவுக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு அவள் வேலைக்குப் போனாள், அங்கேயே செத்தாள் என்று ஒரு தாளில் யாராவது எழுத வேண்டும். எழுதிவிட்டால் அவன் காரியம் செய்துவிடுவான், பிள்ளை தலை நிமிர்ந்து நடக்கும். இதற்காக அவன் ஏறி இறங்காத படி இல்லை.

நாகஜோதி செய்த தப்பு அச்சகத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. ஈக்கண் பார்த்த சின்னப் படங்களை அப்படியே வைத்தால் கிட்ட இருப்பது தூரமாகவும் தூரமாக இருப்பது கிட்டவும் போய்விடும், அதற்காக ஒவ்வொரு சின்னப் படத்தையும் தனித்தனியாக அதனதன் இடத்திலேயே தலைகீழாகத் திருப்ப வேண்டும். கத்தரிக்காய்க்கு அவள் அதைச் சரியாகத்தான் செய்திருந்தாள். ஆனால் அந்த மாதம் செத்த ஒன்பது பேரில் இரண்டு பேர் அவள் தெரு, சீசன் நெருக்கடி வேறு. அச்சகத்தில் திருப்புவது என்றால் தாளைத் திருப்புவது என்றே எல்லார் கைக்கும் பழக்கம், அந்தப் பழக்கத்தில் முழுத் தாளையும் ஒரு திருப்புத் திருப்பிவிட்டுத் திருப்பியாயிற்று என்று குறித்துவிட்டாள். பத்தாயிரம் காலண்டர் அச்சில் ஓடி, ஆணி அடித்து, எங்கள் வீடுகளிலும் கடைகளிலும் ஜனவரி ஒன்றாம் தேதி மாட்டியாயிற்று.

முதல் நாளே வேப்பங்கிளை வந்துவிட்டது. படத்தில் எல்லாருக்கும் பின்னால் இருந்த மரம் அது, அதனால் அதுதான் முதலில் வந்தது. ஒரு சாணுக்கு நீட்டிக்கொண்டு நின்ற கிளையில் பெண்கள் சாவிக்கொத்தையும் மஞ்சள் பையையும் மாட்டினார்கள். அண்ணாச்சியும் அவர் நாற்காலியும் தூரத்து மைல்கல் மாதிரி உள்ளே உள்ளே போய்விட்டார்கள், அவர் மோதிரத்தைத் தேட வேண்டியிருந்தது. கிளைக்கு அப்புறம் பின்வரிசைப் பெண்கள் ஆறு பேரும் நாளுக்கு ஒரு விரல்கடை என்று வந்தார்கள். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டதுபோல இருந்தது. முதலில் நெற்றி, அப்புறம் முழங்கை, பொங்கலுக்குள் தோள் வரை.

அவர்கள் முகங்கள் குழிந்திருந்தன. மூக்கு உள்பக்கமாகப் போயிருந்தது, கன்னம் இட்லித் தட்டுக் குழிபோல. நேராக நின்று பார்த்தால் குழி தெரியாது, சாதாரண முகம்தான், பக்கத்தில் போய்க் கை வைத்தால் கை உள்ளே போகும். குழிந்த முகத்துக்கு ஒரு குணம் உண்டு, நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது உங்கள் பின்னாலேயே திரும்பும். அடுப்பிலிருந்து அண்டாவுக்குப் போனால் திரும்பும், அண்டாவிலிருந்து வாசலுக்குப் போனால் திரும்பும். ஒரு வாரம் கூச்சமாக இருந்தது. அப்புறம் சாப்பிடும்போது காலண்டருக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினோம், உடை மாற்றும்போது துண்டைப் போட்டு மூடினோம், கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போட்டோம், வெள்ளிக்கிழமை குழிக்குள் விரலை விட்டுக் குங்குமம் வைத்தோம். சலூனில் முழங்கையில் துண்டு காயப்போட்டார்கள். டீக்கடையில் மட்டும், கோயமுத்தூர் பஸ் பேச்சுப் பேசியவர்கள் உள்ளே பெஞ்சில் உட்காராமல் வெயிலில் நின்றே டீ குடிக்க ஆரம்பித்தார்கள்.

ஏனென்றால் பச்சைச் சேலை எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது. பத்தாயிரம் சுவரிலும் சீனித்தாய். அன்றைக்குக் காலையில் அவள் எங்கே இருந்தாள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, தெரிந்தது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. குருவையா மட்டும் அந்த மாதம் கொஞ்சம் தெளிச்சியாக இருந்தான், முகம் மழித்தான். அவன் கொடுத்த மனுவை விசாரிக்க அதிகாரி வருகிற தேதியும் தெரிந்துவிட்டது. "இனிமே யாருட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டாம், அவளே வந்துட்டா" என்று மூட்டை ஏற்றும் இடத்தில் சொன்னானாம்.

முதலில் அச்சகத்துக்கு வந்தது அண்ணாச்சி இல்லை. பின்வரிசையில் நின்று உயிர் பிழைத்த தேனம்மாள்.

"ஏத்தா நாகு, என்னையப் படத்துக்குள்ள தள்ளிரு."

"எதுக்குக்கா?"

"டீக்கடையில வச்சு எண்ணுறாக. லைசென்சுக்கு மேல ஆறு ஆளுன்னு காலண்டரே சொல்லுது. நாளைக்கு ஆபீசர் எண்ணுனா ஆலையப் பூட்டிருவாக. பூட்டுனா நான் எங்க போவேன்? எனக்கு முன்னால நிக்கெல்லாம் ஆசையில்ல தாயி. பின்னால நின்னே பழகிட்டேன்."

மறுநாள் மற்ற நான்கு பேரும் வந்தார்கள், அதையேதான் சொன்னார்கள். அதற்கப்புறம் அண்ணாச்சி போன் பண்ணி, தப்பாக அடித்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு சரியாக அடித்துக் கொடுக்கும்படி மரியாதையாகவே கேட்டார். நாகஜோதிக்கும் உள்ளூர அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு வருஷ உழைப்பு ஊர் பூராவும் முன்பின் மாறித் தொங்குகிறது, அதைப் பார்த்துக்கொண்டு தினமும் வேலைக்கு நடந்து வருவது லேசா?

குருவையா வந்தபோது அவள் சின்னப் படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"திருப்பாத தாயி" என்றான்.

"நான் பண்ணது தப்புண்ணே. கிட்ட இருக்கது கிட்டயும் தூர இருக்கது தூரத்துலயும்தான தெரியணும்? தப்ப வச்சுக்கிட்டு எப்படி இருப்பேன்?"

"நீ தப்பாப் பண்ணதுலதான அவ தெரிஞ்சா."

நாகஜோதி அடுத்த சின்னப் படத்தை எடுத்தாள். அவன் விடவில்லை.

"சரியாப் பண்ணா அவ எங்க இருப்பா?"

"மேனேஜர் தோளுக்குப் பின்னாடி. ஆனா மறைஞ்சிர மாட்டாகண்ணே. தலைய ஒரு பக்கமாச் சாச்சுப் பாத்தாத் தெரிவாக. அதுக்குத்தான இத்தன கண்ணு வச்சிருக்கேன். நீங்க ஆபீசர்ட்ட காலண்டரக் குடுத்து, சாச்சுப் பாருங்கன்னு சொல்லுங்க."

"சாச்சுப் பாக்கச் சொல்லணும்" என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டு போனான்.

நாகஜோதி அதைச் சொன்னபோது பொய் சொல்லவில்லை, இதை நாங்கள் எங்கேயும் சொல்வோம். திருத்திய முதல் படத்தை அண்ணாச்சி வந்து பார்த்தார். மோதிரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் பளபளத்தது, கன்னம் உருண்டு வந்தது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் இடமும் வலமும் நகர்ந்து பார்த்தார். ஒரு பக்கம் போனதும் மேனேஜர் தோளுக்குப் பின்னால் பச்சை தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்கு நாகு" என்றார். "ஆனா பாக்குறவன் எதுக்கு எட்டிப் பாக்கணும்? நேராப் பாக்கட்டும்."

ஓரத்தில் இருந்த லென்ஸ்கள்தான் எட்டிப் பார்ப்பவை. அவள் இந்தப் பக்கம் பன்னிரண்டும் அந்தப் பக்கம் பன்னிரண்டும் எடுத்துவிட்டு, மீதி இருபத்துநாலு கண்ணை வைத்துப் படத்தை முடித்தாள். படம் இன்னும் தெளிவாக வந்தது, கலங்கல் எல்லாம் போய்விட்டது, வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு இவ்வளவு நல்ல ஆழம் எங்கேயும் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பாராட்டுக் கடிதத்தை அச்சகத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். அவள் அதற்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தாள், அன்றிலிருந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே கொண்டுபோனாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு குட்டியானை லோடு வண்டி தெருத் தெருவாக வந்தது. பழையதைக் கொடுத்தால் புதியது, கூடவே ஒரு பெட்டி மத்தாப்பு. நாங்கள் கொடுத்தோம். இடுப்பு வரை வந்துவிட்டவளைச் சுவரிலிருந்து கழற்றுவது சிரமம்தான், கதவில் இடிக்காமல் இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும், வண்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது எல்லா முகங்களும் தெருவில் நின்ற எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டே போயின. எங்களுக்கு வெட்கமாக இருந்தது. புதுக் காலண்டரை மாட்டினோம், கட்டிலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினோம்.

குருவையா தன்னுடையதைக் கொடுக்கவில்லை. அவன் வீட்டில் அவள் வந்துகொண்டே இருந்தாள். தர்ஷினி தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் காலண்டருக்கு முன் ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் குழிந்த முகத்துக்குள் தன் முகத்தை வைத்து எடுத்துவிட்டுப் போகும், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் என்று சொல்லும். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் சீனித்தாயின் கடைசிக் கால்விரலும் தாளைவிட்டு வந்துவிட்டது. தாளில் அவள் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் அடுப்படி ஓரமாகப் பச்சைச் சேலையில் குனிந்தபடியே நின்றாள், பேச்சில்லை, முதுகில்லை.

விசாரணை பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அதிகாரி நடுவயதுக்காரர், கெட்டவர் இல்லை, அந்த வாரத்தில் அது அவருக்கு நாலாவது விசாரணை. மேனேஜர் பதிவேட்டைக் கொடுத்தார். புதுக் காலண்டரையும் கொடுத்தார். அதிகாரி நேராகப் பார்த்தார், தலையைச் சாய்த்தும் பார்த்தார், யாரும் இல்லை. பின்வரிசைப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டார், "கவனிக்கல சார்" என்றார்கள், தேனம்மாள் மட்டும் சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "உங்க தரப்புல என்ன ஆதாரம்?" என்று குருவையாவிடம் கேட்டார்.

குருவையா வெளியே போய், போர்வை போர்த்தியிருந்தவளைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்தினான். கனமே இல்லாமல் இருந்திருக்க வேண்டும், லோடு தூக்கியே பழகியவன் தள்ளாடினான். போர்வையை எடுத்தான்.

"இவதான்யா. அன்னைக்குக் காலையில ஆலையில நின்னவ. உடுத்திப்போன சேலையோட வந்திருக்கா, பாருங்க."

அதிகாரி எழுந்து நின்றார். இடது பக்கம் நகர்ந்தார், அவள் முகம் திரும்பியது. வலது பக்கம் நகர்ந்தார், திரும்பியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இவங்க சீனித்தாய்தானா? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க" என்றார். அப்போது எங்களுக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, இத்தனை மாதம் தொண்டையில் கிடந்தது ஒரேயடியாக மேலே வந்துவிட்டது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து, ஆமா சார், இது சீனித்தாய்தான், குருவையா பொண்டாட்டிதான், எங்களுக்கு நல்லாத் தெரியும் என்றோம். தேனம்மாள் அழுதுகொண்டே முன்னால் வந்து அவள் கையைப் பிடித்து, "எங்கூட நின்னவ சார் இவ" என்றாள். மற்ற நான்கு பேரும் வந்தார்கள். குருவையா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கும்பிட்டான். நாங்கள் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டோம்.

அதிகாரி உட்கார்ந்து எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். வெடிவிபத்தில் இறந்ததாக மனுவில் குறிப்பிடப்பட்ட சீனித்தாய் என்பவர் இன்று நேரில் ஆஜரானார். ஊரார் அனைவரும் அவரை அடையாளம் காட்டினர். அவர் உயிருடன் இருப்பதால் மேல் விசாரணைக்கு அவசியமில்லை. மனு முடித்துவைக்கப்படுகிறது.

சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். சொன்ன வார்த்தையை எப்படி இல்லையென்பது, நாங்கள் வரிசையில் நின்று போட்டோம். கையெழுத்துத் தெரியாதவர்கள் கட்டைவிரலை வைத்தார்கள். மேனேஜரும் போட்டார்.

குருவையாவுக்குப் புரிய நேரமானது. எல்லாரும் போட்டு முடித்த பிறகு மேஜைப் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அப்ப இவளுக்கு நான் எப்பய்யா காரியம் பண்றது?"

அதிகாரி தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து அவனைப் பார்த்தார், உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

"அவங்க இறந்ததுக்கு அப்புறம் பண்ணுங்க."